கேட்டு சகாவின் வலது கால்

"மாலை போட்டிருக்கிறவர் மேல எவனாச்சும் கால் வைப்பானா? நீயே சொல்லு" என்று தனம் அக்கா கால்பந்து டோர்னமெண்ட் அன்று காலை வாசலில் நின்று கேட்டாள்.

தனம் அக்காவின் வீட்டுக்காரர் சகாதேவன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கிற ஒரு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். எனக்கு மாமா முறை. ஆனாலும் இதைக் கதையாகச் சொல்ல வேண்டியிருப்பதால், இனி அவரை அவன் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

பந்தாட்டத்தில் கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவனை யாரும் தூக்குவதில்லை. அவன் பங்குக்கு வருவது அடி மட்டும்தான். சகாதேவன் கடைசி வரிசையில் நிற்கிறவன். ஸ்டாப்பர் பேக்.

எட்டாவது படிக்கும்போதே அவன் மற்ற பையன்களைவிட ஒரு சாண் உயரம். வேகமாக ஓட வராது. பந்து காலில் தங்காது. விளையாட்டு வாத்தியார் அவனைக் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "பந்தைப் பாக்காத. ஆளைப் பாரு. ஆளு தாண்டக் கூடாது, அவ்ளோதான்" என்றார். சகாதேவன் அந்த ஒரு பாடத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் முழுசாகப் படித்தான்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக அடிதான். போளூரில் மூக்குத்தண்டு உடைந்தது. ஆரணியில் முன்பல் ஒன்று போனது. அதை மண்ணில் தேடி எடுத்து டிரவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினான். சேத்துப்பட்டில் புருவத்தில் தையல். வந்தவாசியில் அவனுடைய முழங்கை பட்டு ஒரு பையன் மயங்கி விழ, ஊரே கட்டையோடு துரத்தியது. டீம் மொத்தமும் வைக்கோல் லாரியில் தொற்றிக்கொண்டு தப்பித்தது. ரயில்வே கேட்டை மூடிவிட்டால் மாடுகூடத் தாண்ட முடியாது இல்லையா, அந்த மாதிரி என்று அவனுக்குக் 'கேட்டு சகா' என்று பெயர் வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே எதிர் டீம் பையன்கள் அவனைப் பார்த்து எச்சில் விழுங்குவார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும்.

அவனுடைய ஆட்டோவில் தினமும் ஏறுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் யோஸ்ட். ஹாலந்து தேசம். ஆசிரமத்துக்குப் பின்பக்கச் சந்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மொட்டைத் தலை, நெளிந்த மூக்கு, படி ஏறினால் முழங்கால் நறநறவென்று சத்தம் போடும். அந்த மூக்கைப் பார்த்ததுமே சகாதேவனுக்குச் சந்தேகம்.

"சார், யூ ஃபுட்பால்?" என்று கேட்டான்.

யோஸ்ட் கண்ணாடியில் அவன் மூக்கைப் பார்த்தார். "யூ ஆல்ஸோ" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யோஸ்ட் தன் தேசத்தில் சம்பளத்துக்கு ஆடியவர். சகாதேவன் மாதிரியே ஸ்டாப்பர் பேக். பெரிய டீம் எதிலும் இல்லை. இரண்டாம் டிவிஷனில் பதினாறு வருஷம். தொழிற்சாலை ஊர்களின் டீம்கள், மழை, சேறு. மொத்த ஆட்ட வாழ்க்கையிலும் அவர் போட்ட கோல்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர் யாரையாவது சாய்த்தால்தான் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும். சாய்க்காத நாட்களில் அவர் ஆடியதே யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவர் இங்கிலீஷில் சொல்வார். சகாதேவனுக்குத் தெரிந்தது ஆட்டோ இங்கிலீஷ். சவாரிக்கு அது போதும். ஆனால் ஒரு மனிதன் தன் பாவத்தைச் சொல்லும்போது அது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் இளநீர்க் கடையில் நிறுத்தினார்கள். யோஸ்ட் குடித்து முடித்த கூட்டை மண்ணில் வைத்தார். அதுதான் பந்து. பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஓர் ஆட்டத்தில் எதிர் டீமின் ஓரத்து ஆட்டக்காரன், சின்னப் பையன், அவரைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போனான். இடைவேளையில் கோச் அவர் காதருகே வந்து, "அடுத்த பாதியில் அவன் நிற்கக் கூடாது" என்றார். இவர் பந்துக்குப் போகிற மாதிரி போனார். பாதம் பந்துக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய், அந்தப் பையன் ஊன்றியிருந்த காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. எப்படி இறங்கியது என்று யோஸ்ட் இளநீர்க் கூட்டின் மேல் காலை வைத்துக் காட்டினார். பார்க்கிறவனுக்குப் பந்துக்குப் போன மாதிரிதான் இருக்கும்.

அந்தப் பையன் பிறகு ஆடவே இல்லை. யோஸ்ட்டுக்கு ரெட் கார்டு, கொஞ்ச நாள் தடை. அடுத்த வருஷம் கிளப் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தது. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "நான் அவனைப் போய்ப் பார்க்கவே இல்லை" என்று இரண்டு முறை சொன்னார்.

சகாதேவன் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் திரும்பிய கோணம் அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

போன மே மாதம் கீழ்பென்னாத்தூரில் டோர்னமெண்ட் நடந்தது. சகாதேவன் ஆடுகிற ஆட்டோ ஸ்டாண்டு டீமும் போயிருந்தது. உள்ளூர் டீமில் விமல்ராஜ் என்று ஒரு பையன், டிப்ளமா படிக்கிறவன். மாவட்ட டீமுக்குத் தேர்வாகியிருந்தான். ஒல்லி உடம்பு, ஆனால் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு முறை சகாதேவனைத் தாண்டினான். மூன்றாவது முறை சகாதேவனின் இரண்டு காலுக்கும் நடுவிலேயே பந்தைத் தள்ளிவிட்டுப் போனான்.

"கேட்டு தொறந்துக்கிச்சுடோய்!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

அடுத்து பந்து வந்தபோது சகாதேவனுக்கு யோசனை எதுவும் இல்லை. கால் தானாகவே அந்தக் கோணத்தில் திரும்பியது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது வருமே ஒரு சத்தம், அதுதான் வந்தது. விமல்ராஜின் கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்து கிடந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. பையன் கத்தவில்லை. "அண்ணா, என் காலு, என் காலு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் கூப்பிட்ட அண்ணன் இளஞ்செழியன். அதே டீமின் ஃபார்வர்டு. மினி வேனில் மணிலா மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிறவன். அவன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சகாதேவனை நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. நாற்காலி பறந்தது. ஸ்டாண்டு ஆட்கள் சகாதேவனை நடுவில் வைத்து, அடித்துக்கொண்டும் அடிவாங்கிக்கொண்டும் ஆட்டோ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மறுநாள் சகாதேவன் யோஸ்ட்டிடம் சொன்னான். பெருமையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னான். எப்படி நடந்தது என்று காலை வைத்துக் காட்டினான். யோஸ்ட்டின் முகம் வெளுத்தது. ஓங்கி ஓர் அறை விட்டார். சகாதேவனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஸ்டாண்டில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வருவதற்குள் யோஸ்ட் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார். "செய்யாதே என்றுதானே சொன்னேன்! செய்யாதே என்று சொல்லத்தானே அதைச் சொன்னேன்!" அதற்குப் பிறகு அவர் சகாதேவனின் ஆட்டோவில் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே நடந்து போனார். மழைக்காலம் வருவதற்கு முன் ஊருக்கே போய்விட்டார்.

விமல்ராஜின் காலில் கம்பி வைத்தார்கள். ஆட்டம் முடிந்துபோனது. சகாதேவனால் கரும்புச்சாறு மெஷின் பக்கத்தில் வண்டியை நிறுத்த முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூருக்குச் சவாரி போக வேண்டி வந்தது. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முன்கண்ணாடியில் கல் விழுந்து நொறுங்கியது. இளஞ்செழியன் நிதானமாக நடந்து வந்து, வண்டிக்குள் குனிந்தான்.

"உன் ஆட்டோவுக்கு பிரேக்கு எந்தக் கால்ல?"

சகாதேவனின் பார்வை தன் காலுக்குப் போனது.

"வலது கால்ல. எனக்குத் தெரியும். என் தம்பிக்கும் வலது காலுதான்." அவன் குரலில் கோபமே இல்லை. "அரையாண்டு லீவுல இங்க டோர்னமெண்ட் இருக்குது. வந்து ஆடு. ரெஃப்ரி இருப்பாரு, ஊரு இருக்கும், எல்லாம் முறையா நடக்கும். வரலன்னு வச்சிக்கோ, அப்பால நான் உன் வூட்டாண்ட வருவேன். அங்க ரெஃப்ரி இருக்க மாட்டாரு."

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வலது கால் போனால் வீடே போன மாதிரி. சகாதேவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஸ்டாண்டு டீமின் கோல் கீப்பர் மணிவேல்தான் அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவன். அவன், "போவலன்னா ஸ்டாண்டு மானம் கப்பலேறிடும்டா. பத்து பேரு இருக்கோம். எவன் உன்னத் தொடுவான்?" என்றான். போய் ஆடினாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து.

வழி கண்டுபிடித்தது தனம். "மாலை போட்டுக்கங்க. மாலை போட்டவங்களைக் கண்டா போலீஸ்காரரே சாமின்னு வழி வுடறாரு. உங்க மேல எவன் கால் வைப்பான்?"

சபரிமலைக்கு மாலை போட்டவனை யாரும் அடிக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அடிக்குத் தப்பிப்பதற்காக யாரும் மாலை போட்டுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கார்த்திகை முதல் தேதி சகாதேவன் கோயிலுக்குப் போனான். குருசாமி பலராமன், ரிட்டயர் ஆன விளையாட்டு வாத்தியார். அவர்தான் சுற்றுவட்டாரத்து டோர்னமெண்டுகளுக்கு ரெஃப்ரியும்.

"இவ்ளோ வருஷமா வராதவன், இப்ப இன்னா திடீர்னு?"

"வேண்டுதல் சாமி."

பலராமன் ஒரு மாலையைக் கையில் எடுத்தார். "கோவம் ஆவாது. கெட்ட வார்த்தை ஆவாது. காலுக்குச் செருப்பு ஆவாது. எதிர்ல எவன் வந்தாலும் அவன் சாமி. தெரியுதா?" என்று சொல்லி மாலையைப் போட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தனத்துக்கு உறைத்தது. "ஏங்க, பூட்ஸும் செருப்பு கணக்குதானா?"

"ஆமா" என்றான் சகாதேவன்.

டோர்னமெண்ட் அன்று அவன் வெறுங்காலோடு, கறுப்பு டிரவுசரோடு மைதானத்தில் இறங்கினான். மாலை பனியனுக்குள் இருந்தது. கீழ்பென்னாத்தூர்க் கூட்டம் அவனைப் பார்த்ததும் முதலில் அடங்கியது. பிறகு யாரோ, "அட, கேட்டுக்குப் பூமாலை போட்டு வச்சிருக்கானுங்கடா" என்று சொல்ல, சிரிப்பு கிளம்பியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இளஞ்செழியன் வந்தான். அவனும் வெறுங்கால். அவன் கழுத்திலும் துளசி மாலை. தம்பியின் கால் எலும்பு கூடி வர வேண்டும் என்று அவன் அம்மா போடவைத்தது. தனத்தின் கணக்கில் இது இல்லை. சகாதேவனுக்கு மூச்சு வந்தது. இரண்டு சாமிகள். இனி ஒன்றும் நடக்காது.

இளஞ்செழியன் நேராகப் பலராமனிடம் போனான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினான். அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்தான்.

"டேய், நான் போட்ட மாலைடா! நீயா கழட்டறியா? பாவம்டா!"

"பாவத்தை நான் பாத்துக்கறேன் வாத்தியாரே. இன்னிக்கி ஒரு நாள் நான் சாமி இல்ல." மைதானத்திலேயே உட்கார்ந்து பூட்ஸை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினான். கோட்டுக்கு வெளியே விமல்ராஜ் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். "அண்ணா, வேணாண்ணா" என்றான். அண்ணன் திரும்பவில்லை.

மணிவேல் சகாதேவனின் காதில், "நீயும் கழட்டுடா. என் பூட்ஸ் ஒண்ணு பையில இருக்குது" என்றான்.

சகாதேவனின் கை மாலைக்குப் போனது. மாலை போனால் பூட்ஸ் வரும். பூட்ஸ் வந்தால் காலுக்கு அந்தக் கோணம் ஞாபகம் வரும். கையை எடுத்துவிட்டான். "வேணாம் சாமி" என்றான். மணிவேல் காறித் துப்பினான்.

ஆட்டம் தொடங்கியதும் இளஞ்செழியன் பந்து பக்கமே போகவில்லை. முதல் முறை பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கிற ஸ்டட்டால் சகாதேவனின் பெருவிரலை மிதித்துத் திருகினான். நகம் பெயர்ந்து தொங்கியது. "வலிக்குதா சாமி?" என்று கேட்டான். இரண்டாம் முறை முழங்கை. பழைய மூக்கு மறுபடி உடைந்து, ரத்தம் வாய்க்குள் போனது. "ஓரம் போங்க சாமி." மூன்றாம் முறை முதுகில் முழங்கால். பலராமன் விசில் ஊதி மஞ்சள் கார்டு காட்டினார். கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் அவர் தோளில் பட்டது. அதற்குப் பிறகு அவருடைய விசில் சத்தம் சிறுத்துவிட்டது.

சகாதேவன் விழுந்தான், எழுந்தான். வெறும் பாதம் மண்ணில் பட்ட இடமெல்லாம் சிவப்பாகப் பதிந்தது. ஆனால் ஆளைத் தாண்ட விடவில்லை. உடம்பை மட்டும் குறுக்கே போட்டான். காலை ஒருமுறையும் நீட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு கூட்டத்தின் கத்தல் குறைந்தது. இவ்வளவு அடியை அவர்கள் எதிர்பார்த்து வந்தார்கள். அதை ஒருவன் இப்படி வாங்குவான் என்று எதிர்பார்க்கவில்லை.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் கடைசிக்கு வந்தது. நடுவிலிருந்து வந்த பந்து குதித்து, கோலுக்கு முன்னால் இறங்கியது. ஒரு பக்கம் இளஞ்செழியன், மறுபக்கம் சகாதேவன். இளஞ்செழியன் முதல் முறையாக அன்று பந்தைப் பார்த்தான். வலது காலை ஊன்றி, இடது காலைப் பின்னால் இழுத்தான். ஊன்றிய கால் விறைப்பாக, முழு உடம்பின் பாரத்தோடு, சகாதேவனுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது.

"போடுறா! கால்லயே போடுறா!" மணிவேல் பின்னாலிருந்து அலறினான்.

சகாதேவனின் கால் கிளம்பிவிட்டது. பாதம் திரும்பிவிட்டது. வெறுங்காலானாலும் அந்தக் குதிகாலுக்கு எலும்பை உடைக்கிற பலம் உண்டு. அந்த நொடியில் அவன் காதில் கரும்பு ஒடிந்தது. இன்னும் ஒடியாத கரும்பு. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் நிலைதடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தான்.

பந்து அவனைத் தாண்டி, மணிவேலைத் தாண்டி, வலைக்குள் போனது.

மைதானம் எழுந்து ஆடியது. இளஞ்செழியன் ஆடவில்லை. தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். பிறகு கீழே கிடந்த சகாதேவனைப் பார்த்தான். தனக்கு என்ன நடக்க இருந்தது என்பது ஆட்டம் தெரிந்தவனுக்குத் தெரியாமல் போகாது.

மணிவேல் கோலிலிருந்து ஓடி வந்தான். "வேணும்னே வுட்டியாடா? மாலை போட்டுக்கினு எங்க மானத்தை வித்தியாடா?" என்று கத்திக்கொண்டே பூட்ஸ் காலைத் தூக்கி, மண்ணில் நீட்டிக் கிடந்த சகாதேவனின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, முழு பலத்தோடு மிதித்தான். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. சத்தம் கேட்டது. ஸ்டாண்டு ஆட்கள் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் பனியனைப் பிடித்து இழுத்ததில் மாலை அறுந்து, மணிகள் மண்ணில் சிதறின.

இளஞ்செழியன் பாய்ந்து வந்து மணிவேலின் தாடையில் ஒரு குத்து விட்டான். மணிவேல் சாய்ந்தான். இளஞ்செழியன் சகாதேவனின் மேல் காலை அகட்டி நின்றுகொண்டு, கிட்ட வந்தவர்களையெல்லாம் அடித்துத் தள்ளினான். "எவனாவது வந்தீங்கன்னா கொன்னுடுவேன்!" அப்போதுதான் கூட்டம் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. வீடியோ எடுக்கிற போன்களும் அப்போதுதான் வெளியே வந்தன.

மூட்டை ஏற்றுகிற அந்த மினி வேனில்தான் சகாதேவனைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியவன் இளஞ்செழியன். பின்னால் விமல்ராஜ் உட்கார்ந்து, உடைந்த கால் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சகாதேவனின் காலிலும் இப்போது கம்பி. மறுபடி பிரேக்கை மிதிக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆட்டோ வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது.

நீங்கள் பார்த்திருக்கும் அந்தச் சின்ன வீடியோவில் இது எதுவும் இல்லை. கீழே சகாதேவன் ரத்தத்தோடு கிடப்பான். அவன் மேல் இளஞ்செழியன் கையை ஓங்கிக்கொண்டு, "கொன்னுடுவேன்" என்று கத்துவான். அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூரான் சாமியின் காலை உடைத்துவிட்டான் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சகாதேவன் கட்டிலில் படுத்தபடி, "என்னை மிதிச்சது மணிவேலுடா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். "பயத்துல சொல்றான் பாவம்" என்று அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். காணும் பொங்கலன்று கீழ்பென்னாத்தூருக்குப் போய்ப் பழிதீர்க்க ஸ்டாண்டில் ஆள் சேர்க்கிறார்கள். இரும்புக் கம்பிகளை ஒரு ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முன்னால் நின்று ஆள் சேர்க்கிறவன் மணிவேல்.

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். அந்த வீடியோ உங்களுக்கு எந்த குரூப்பிலிருந்து வந்ததோ, அங்கேயே இதையும் அனுப்புங்கள். போனில் படிக்க முடியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லுங்கள். செங்கம் ரோட்டில் ஆட்டோ ஏறினால் ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.